கம்பெனிக்காரன் என்ன முட்டாளா? – இன்டேக் ஓட்டையின் கதை

ரொம்ப நாளாக எழுதணும் எழுதணும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த விஷயம் இது. எஞ்சின், கிரீஸ், அரம் இதெல்லாம் பிடிக்காதவர்கள் தாராளமாகத் தாண்டிப் போய்விடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் இதில் பாதிக்கு மேல் மனுஷங்க கதைதான். படித்துப் பார்த்தால் நஷ்டமில்லை :-)

2003-ல் அப்பாவிடம் 1978 மாடல் அம்பாசிடர் இருந்தது. திடீரென்று ஐடிலிங் நிற்காமல் ஆஸ்துமாக்காரர் மாதிரி மூச்சு வாங்க ஆரம்பித்தது. எங்கள் மெக்கானிக் அண்ணன் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "இன்டேக் பேக்கிங் போயிருச்சுங்க, காத்து இழுக்குது" என்றார். (புத்தகத்தில் கேஸ்கட் என்று போட்டிருப்பான். கோயம்புத்தூர்ப் பட்டறைகளில் அது பேக்கிங்தான். நானும் அப்படியே எழுதுகிறேன்.)

மேனிஃபோல்டைக் கழற்றினதும் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஹெட்டில் இருக்கிற ஓட்டை ஒரு இடத்தில், மேனிஃபோல்டு ஓட்டை ஒரு இடத்தில். ஒரு ஓரத்தில் நகக்கண் கனத்துக்கு ஒரு திண்ணை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. கார்புரேட்டரிலிருந்து வருகிற காற்றும் பெட்ரோலும் நேராக வந்து அதில் முட்டும்.

"இதை ராவி விட்டா என்னங்கண்ணா?"

"ராவலாங்க தம்பி. சோழவரத்துல ரேஸ் ஓட்டறவங்கல்லாம் ராவித்தான் போடுவாங்க. வீட்டு வண்டிக்கு எதுக்குங்க?"

அந்த 'எதுக்குங்க' என்னைத் தூங்கவிடவில்லை. அடுத்த மாதம் அவருக்குத் தெரியாமல் நானே கழற்றி, புதுப் பேக்கிங்கை மேனிஃபோல்டு மேல் வைத்து, ஓட்டையைச் சுற்றிக் கோடு போட்டு, அரை உருண்டை அரத்தால் மூன்று சாயங்காலம் உட்கார்ந்து கோடு வரைக்கும் ராவித் தள்ளினேன். கையில் கொப்புளம். மனசில் பெருமை.

நாலாவது நாள் அப்பா நண்பர் மகள் கல்யாணத்துக்காக விடிகாலையில் பொள்ளாச்சி கிளம்பினார். கிணத்துக்கடவு தாண்டுவதற்குள் வண்டி நின்றுவிட்டது. முகூர்த்தம் முடிந்து, பந்தியும் பாதி முடிந்த பிறகு பஸ்ஸில் போய் இறங்கினார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார்: "அத்தனை இன்ஜினியருங்க உக்காந்து பண்ணினது. கம்பெனிக்காரன் என்ன முட்டாளா?"

பதில் சொல்லத் தெரியவில்லை. அதற்குப் பிறகு பல வருடமாகப் படித்ததெல்லாம் அந்தக் கேள்விக்காகத்தான் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

முதலில், அந்த ஓட்டைகள் ஏன் ஒன்றுக்கொன்று சேருவதில்லை? கோயம்புத்தூர்க்காரனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, பீளமேடு, கணபதி பக்கம் ஏதாவது ஒரு ஃபவுண்டரியில் ஒரு மணி நேரம் நின்றால் போதும். வார்ப்பில் உள்ளே ஓட்டை வரவேண்டிய இடத்தில் மணலில் செய்த 'கோர்' ஒன்றை வைத்துவிட்டுத்தான் உலோகத்தை ஊற்றுவார்கள். கொதிக்கிற உலோகம் பாயும்போது கோர் துளி நகரும், துளி மிதக்கும். ஹெட் ஒரு அச்சில், மேனிஃபோல்டு வேறொரு அச்சில். இது ஒரு மில்லிமீட்டர் இப்படிப் போக, அது ஒரு மில்லிமீட்டர் அப்படிப் போக, இரண்டுமே தனித்தனியாகப் பார்த்தால் 'பாஸ்'. சேர்த்துப் பூட்டினால் திண்ணை.

இது கம்பெனிக்குத் தெரியாததில்லை. அதனால்தான் பேக்கிங்கின் ஓட்டையைப் பெரும்பாலும் இரண்டையும்விடக் கொஞ்சம் பெரிதாகவே வெட்டுகிறான். எந்தப் பக்கம் நகர்ந்தாலும் பேக்கிங் ஓரம் வழியில் எட்டிப் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான் அவனுக்கு வேண்டியது. இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு 2003-ல் இது தெரிந்திருந்தால் அப்பா முகூர்த்தம் பார்த்திருப்பார்.

இந்த ராவுகிற பழக்கத்துக்கு வேர் தேடிப் போனால் ஒரு பெரிய கிளை அமெரிக்காவில், கலிஃபோர்னியாவில் போய் நிற்கிறது. 1932-ல் ஃபோர்டு கம்பெனி சாதாரண ஜனங்கள் வாங்குகிற விலையில் வி8 எஞ்சின் கொண்டுவந்தது. 221 கன அங்குலம், 65 ஹெச்.பி. வால்வுகள் ஹெட்டில் இல்லாமல் பிளாக்கிலேயே இருக்கும், 'ஃபிளாட்ஹெட்' என்று செல்லப் பெயர். சில வருடத்தில் பழைய ஃபோர்டுகள் செகண்ட்ஹேண்டில் சல்லிசாகக் கிடைக்க ஆரம்பித்தன. லாஸ் ஏஞ்சலீஸ் பக்கத்துப் பையன்கள் அவற்றை வாங்கி, மட்கார்டைக் கழற்றி எறிந்துவிட்டு, முராக் என்ற வறண்ட ஏரிப் படுகையில் கொண்டுபோய் விரட்டினார்கள். இவர்களை ஒழுங்குபடுத்தத்தான் 1937-ல் எஸ்.சி.டி.ஏ. என்ற சங்கமே வந்தது.

இவர்கள் யாரும் இன்ஜினியர்கள் இல்லை. ஒரு எஞ்சினில் தங்கள் கைக்கு எட்டுவது எதுவோ அதைச் செய்தார்கள். 'போர்ட்டிங் அண்ட் ரிலீவிங்' என்று அதற்கு ஒரு ஜோடிப் பெயரே உண்டு. போர்ட்டிங் என்றால் வழியைக் குடைந்து பெரிதாக்குவது. ரிலீவிங் என்றால் ஃபிளாட்ஹெட்டில் வால்வுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் இருக்கிற மேட்டைச் சீவி விடுவது. போர்ட்டிங்கின் முதல் படிதான் பேக்கிங் வேலை. பிளாக் முகப்பில் நீலச் சாயம் பூசுவது, பேக்கிங்கை வைத்து ஊசியால் கோடு கிழிப்பது, கோடு வரைக்கும் குடைவது, மேனிஃபோல்டிலும் அதையே செய்வது. அளவுகோல் வேண்டாம், வரைபடம் வேண்டாம். ஐந்து பைசா அட்டைதான் அச்சு. நான் பண்ணினது அதே வேலைதான், ஐயாயிரம் ரூபாய்க் கர்வத்தோடு.

போருக்குப் பிறகு 1948 ஜனவரியில் 'ஹாட் ராட்' பத்திரிகை ஆரம்பித்தது. இந்த மாதிரிக் கைவேலைகள் ஒரு ஊர்ப் பையன்களின் ரகசியமாக இருந்தது போய், நாடு முழுக்கப் பரவின. 1955-ல் ஷெவர்லே சின்ன வி8 வந்தபோது அரங்களும் குடைவுக் கற்களும் அதற்கு மாறிக்கொண்டன.

இதில் ஒரு விஷயம் கவனித்திருப்பீர்கள். இவர்கள் வேகத்தை ஏரியில் ஸ்டாப் வாட்ச் வைத்து அளந்தார்கள். ஆனால் ஒருத்தர் கார்புரேட்டரை மாற்றி, கேம்ஷாஃப்டை மாற்றி, ஹெட்டைச் சீவி, போர்ட்டையும் ராவி, பத்து மைல் வேகம் கூடினால் அதில் ராவினதுக்கு எத்தனை மைல்? யாருக்கும் தெரியாது. தெரியாததால் எல்லாருக்கும் நம்பிக்கை. (நம்மூர் சித்த வைத்தியம் மாதிரி என்று எழுத நினைத்தேன், உதைப்பார்கள் என்று விட்டுவிட்டேன். எழுதிவிட்டேனோ?)

அளந்து பார்த்தவர் இங்கிலாந்தில் இருந்தார். ஹாரி வெஸ்லேக், 1897-ல் எக்ஸெட்டரில் பிறந்தவர். இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த ஆசாமி இவர்தான். கார்புரேட்டரில் ஆரம்பித்தவர், 1920-களில் பென்ட்லி கம்பெனிக்காக ஹெட்டுகளைப் பார்க்க வந்தார். எஞ்சினை ஓட்டாமலேயே, ஹெட்டை மட்டும் ஒரு மேஜையில் மாட்டி, அதன் வழியே காற்றைச் செலுத்தி, வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, எவ்வளவு காற்று போகிறது என்று அளப்பது அவர் பாணி. இன்றைக்கு 'ஃபுளோ பெஞ்ச்' என்கிறோமே, அதன் தாத்தா.

1930-களில் வில்லியம் லயன்ஸ் என்பவர் ஸ்டாண்டர்டு கம்பெனியின் சைடு வால்வு எஞ்சினை வாங்கித் தன் கார்களில் போட்டுக்கொண்டிருந்தார். சுமார் 70 ஹெச்.பி. தருகிற 2.7 லிட்டர் எஞ்சின். வெஸ்லேக்கிடம் கொடுத்தார். வால்வுகளை மேலே கொண்டுபோய்ப் புது ஹெட் வடிவமைத்தார் வெஸ்லேக். 1935-ல் எஸ்.எஸ். ஜாகுவார் என்ற பெயரில் கார் வெளிவந்தபோது அதே எஞ்சின் 100-ஐத் தாண்டியிருந்தது. பின்னாடி 1948-ல் வந்த ஜாகுவாரின் எக்ஸ்.கே. எஞ்சினின் ஹெட்டிலும் அவர் கை உண்டு. 1950-களில் ஜாகுவாருக்கு ஐந்து தடவை லெ மான் பந்தயத்தை வாங்கிக் கொடுத்த எஞ்சின் அது.

காற்றை அளந்தால் என்ன தெரிகிறது? அரத்துக்காரர்களின் நம்பிக்கை பாதி கரைகிறது என்பதுதான். காற்று நேராகப் போகிற இடத்தில் ஓட்டையைப் பெரிதாக்கினால் பெரிய லாபமில்லை. காற்று திணறுவது வால்வுக்குச் சற்று முன்னால், வழி சட்டென்று கீழே வளைகிற இடத்தில். அந்த வளைவின் உள் ஓரம், வால்வு சீட்டுக்கு மேலே இருக்கிற அரை அங்குலம், அங்கேதான் காசு. மேனிஃபோல்டு பக்கம் தேவைக்கு மேல் அகலப்படுத்தினால் காற்றின் வேகம் குறைந்துபோய், குறைந்த ஆர்.பி.எம்.மில் இழுவையும் போய்விடும். கண்ணாடி மாதிரி பாலிஷ் போடுவதும் அப்படித்தான். கார்புரேட்டர் வண்டியில் சுவரில் ஒட்டுகிற பெட்ரோல் மறுபடி காற்றோடு கலக்க, கொஞ்சம் சொரசொரப்பு இருப்பதே நல்லது.

அப்படியென்றால் திண்ணை? அதற்கும் பதில் உண்டு. வாய்க்காலை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் குறுகலிலிருந்து அகலத்துக்கு வருகிற இடத்தில் ஒரு படி இருந்தால் பெரிதாகத் தொந்தரவு இல்லை. எதிரே ஒரு கல் துருத்திக்கொண்டு நின்றால்தான் சுழித்து, நுரைத்து, கரையை அரிக்கும். அதே கணக்கு. மேனிஃபோல்டு சிறிதாகவும் ஹெட் ஓட்டை ஒரு நூல் பெரிதாகவும் இருந்தால் காற்றுக்கு அதிகம் வலிக்காது. மேனிஃபோல்டு பெரிதாகி ஹெட்டின் விளிம்பு எதிரே துருத்தினால் வலிக்கும். எக்ஸாஸ்ட்டிலும் அப்படியே, ஹெட் சிறிது, பைப் பெரிது. அங்கே அந்தப் படி திரும்பி வருகிற புகையைத் தடுக்கும் என்று வேண்டுமென்றே விடுகிறவர்களும் உண்டு.

நான் பண்ணினது என்ன? மேனிஃபோல்டை மட்டும், பெரிதாக வெட்டின பேக்கிங் அளவுக்கு. அதாவது, ஒரு ஓரத்தில் இருந்த திண்ணையை எடுத்துவிட்டு, சுற்றிலும் புதுசாக ஒரு திண்ணை கட்டியிருக்கிறேன்!

இன்னொன்று. இதைப் படித்த அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று தெரியவில்லை. அம்பாசிடருக்கு 1959-ல் வந்த 1489 சி.சி. எஞ்சின் இங்கிலாந்தின் பி.எம்.சி. கம்பெனியின் 'பி சீரீஸ்'. 1947-ல் ஆஸ்டின் ஏ40-ல் 1200 சி.சி.யாகப் பிறந்த குடும்பம். அதன் ஹெட்டில் வால்வுகள் உட்கார்ந்திருக்கிற குழி இதய வடிவத்தில் இருக்கும், நடுவில் ஒரு மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும். அந்த வடிவம் யார் காப்புரிமை தெரியுமா? ஹாரி வெஸ்லேக். பென்ட்லிக்கும் ஜாகுவாருக்கும் காற்றை அளந்து கொடுத்தவரின் வேலை எங்கள் வீட்டு போர்ட்டிகோவில், என் அரத்துக்குக் கீழே கிடந்திருக்கிறது. அப்பா கேட்ட கேள்விக்கு முதல் பதில் இது: இல்லீங்கப்பா, முட்டாள் இல்லை.

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை.

பி சீரீஸின் தம்பி ஏ சீரீஸ், 1951. இரண்டுக்கும் ஒரே ஜாதகம்: நாலு சிலிண்டருக்கு ரெண்டே ரெண்டு இன்டேக் ஓட்டை, மூன்று எக்ஸாஸ்ட் ஓட்டை, எல்லாம் ஒரே பக்கம். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் ஒரே வாசலைப் பங்கு போட்டுக்கொண்டு, ஒன்று இழுக்கிறதை இன்னொன்று பிடுங்கும். விலை குறைவான குடும்பக் காருக்குப் போதும் என்று செய்தது. 1959-ல் மினி காரில் இதே எஞ்சின் 848 சி.சி.யில், 34 ஹெச்.பி.யோடு வந்தது. அதைப் பிடித்துக்கொண்டார் டேனியல் ரிச்மண்ட். இங்கிலாந்தில் டவுன்டன் என்ற கிராமத்தில் மனைவியோடு சேர்ந்து ஒரு சின்னப் பட்டறை நடத்தியவர். ஹெட்டையும் மேனிஃபோல்டையும் கையால் செதுக்கி அவர் கொடுத்த மினிகள், பார்க்க சாதுவாக இருந்துகொண்டு பெரிய கார்களையெல்லாம் தாண்டின. பி.எம்.சி. என்ன செய்தது? வழக்குப் போடவில்லை. அவரையே ஆலோசகராக வைத்துக்கொண்டது. கம்பெனிக்காரன் முட்டாள் இல்லைதான், ஆனால் கம்பெனிக்காரனுக்கு ஒரு ஹெட்டுக்கு ஒரு நாள் முழுக்கச் செலவழிக்க முடியாது, கிராமத்துப் பட்டறைக்காரருக்கு முடியும். வித்தியாசம் அறிவில் இல்லை, நேரத்தில்.

பந்தயம் நடத்துகிறவர்களுக்கு இது வேறு தலைவலி. ஸ்டாக் வண்டி வகுப்பில் போர்ட்டிங் கூடாது என்று சொல்லிவிடலாம். ஆனால் வார்ப்பிலேயே கோணலாக வந்ததைத் திருத்தினவனை எப்படி ஏமாற்றுக்காரன் என்பது? அமெரிக்காவின் எஸ்.சி.சி.ஏ. தன் 'இம்ப்ரூவ்டு டூரிங்' வகுப்புக்கு ஒரு வழி கண்டது. மேனிஃபோல்டும் ஹெட்டும் சேருகிற முகப்பிலிருந்து ஒரு அங்குலம் உள்ளே வரைக்கும் ராவிக்கொள், அதற்கு மேல் கை வைக்காதே. இதைப் படித்ததும் எனக்கு அந்தக் கலிஃபோர்னியாப் பையன்கள்தான் ஞாபகம் வந்தார்கள். வீட்டில் அரம் வைத்திருப்பவனுக்கு நிம்மதியாகக் கை போகிற தூரமும் சுமார் அவ்வளவுதானே.

சரி, இப்போது இரண்டாவது பதில்.

ஃபோர்டு கம்பெனியில் எஸ்.வி.டி. என்று ஒரு சிறப்புப் பிரிவு. வேகப் பிரியர்களுக்காக மஸ்டாங் கோப்ரா என்ற வண்டியைத் தயாரித்தது. 1996 முதல் 1998 வரை அதன் 4.6 லிட்டர் வி8 எஞ்சினுக்கு 305 ஹெச்.பி. 1999 மாடலில் ஹெட்டையும் இன்டேக்கையும் மாற்றி 320 என்று விளம்பரம் செய்தார்கள். வாங்கினவர்கள் சும்மா இருப்பார்களா, டைனோமீட்டரில் ஏற்றிப் பார்த்தார்கள். பழைய வண்டியைவிட ஒரு பைசா கூட இல்லை! இவர்கள் பெரிய பத்திரிகைக்காரர்கள் மட்டுமில்லை, காசு கொடுத்து வாங்கின சாதாரண ஆட்கள். புலம்பல் பெரிதாகி, 1999 ஆகஸ்டில் ஃபோர்டு விற்பனையையே நிறுத்தியது. அதுவரை விற்றதையும் திரும்பக் கூப்பிட்டது.

என்ன கோளாறு? முக்கியமான குற்றவாளி இன்டேக் மேனிஃபோல்டு. வார்ப்பில் உள்ளே அலுமினியப் பிசிறு, சொரசொரப்பு. காற்றுக்கு வழி சரியாக இல்லை. என் திண்ணை மாதிரியே, ஃபவுண்டரியில் பிறந்த கோளாறு. இந்தத் தடவை உலகத்தின் மிகப் பெரிய கார் கம்பெனிகளில் ஒன்றின் ஸ்பெஷல் வண்டியில்.

சரிசெய்தது எப்படி என்பது இன்னும் வேடிக்கை. 'எக்ஸ்ட்ரூட் ஹோன்' என்று ஒரு முறை உண்டு. அரைப்புத் துகள் கலந்த களி மாதிரியான பசையை அழுத்தத்தோடு மேனிஃபோல்டுக்குள் ஒரு பக்கம் செலுத்தி மறுபக்கம் வரவழைப்பார்கள். போகிற வழியெல்லாம் ராவிக்கொண்டே போகும், கை எட்டாத இடத்திலும். 1998-ல் இதே எஸ்.வி.டி. கான்டூர் என்ற காரின் மேனிஃபோல்டுகளுக்கு ஃபேக்டரியிலேயே இப்படிச் செய்துதான் கொடுத்தார்கள். அதையே கோப்ராவுக்கும் செய்தார்கள். கூடவே எக்ஸாஸ்டின் பின்பகுதியையும் மாற்றி, கம்ப்யூட்டரையும் திருத்தினார்கள். 2000-க்கு சாதாரண கோப்ரா மாடலே வரவில்லை, மறுபடி 2001-ல்தான். திருத்தின ஒவ்வொரு வண்டியின் எஞ்சின் பக்கத்திலும் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டினார்கள்: 'அங்கீகரிக்கப்பட்ட மாற்றங்கள்' என்று. எழுபது வருடமாக ஷெட்டுகளில் பையன்கள் பண்ணிவந்த வேலைக்கு ஃபோர்டு கையாலேயே சர்டிஃபிகேட்!

எங்கள் அம்பாசிடருக்கு வருகிறேன். மெக்கானிக் அண்ணன் நான் ராவின மேனிஃபோல்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு ஓரத்தில் பேக்கிங் உட்காருகிற இடமே நூல் அகலத்துக்குத்தான் மிச்சம் இருந்தது. பேக்கிங்கின் ஸ்டட் ஓட்டைகள் லூசாக இருக்கும், கோடு போடும்போது அது நகர்ந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. திட்டவில்லை. "ஹெட்டுல வெச்சு அச்சு எடுக்கோணுங்க தம்பி, பேக்கிங்கைப் பாத்து இல்லீங்க" என்றார். உக்கடம் பழைய இரும்புக் கடையில் வேறொரு மேனிஃபோல்டு தேடிப் பிடித்தோம். ஸ்டட்டுகளில் இறுக்கமாக உட்காருகிற மாதிரி ஒரு கெட்டித்தாளில் ஓட்டை போட்டு, ஹெட் முகப்பில் மை தடவி, தாளை அழுத்தி நிஜ ஓட்டையின் வடிவத்தை எடுத்தோம். அதே ஸ்டட் ஓட்டைகளை வைத்து மேனிஃபோல்டுக்கு மாற்றினோம். துருத்திக்கொண்டிருந்தது ஒரே ஒரு ஓரம். அரத்தில் சாக்பீஸ் தேய்த்துக்கொண்டு ராவினால் அரை மணி நேரத்தில் முடிந்தது.

வேகம் கூடியதா என்று கேட்காதீர்கள். ஐடிலிங் நின்றது, காற்று இழுப்பது நின்றது. அதற்குப் புதுப் பேக்கிங் மட்டுமே காரணமாகவும் இருக்கலாம். என்னிடம் வெஸ்லேக்கின் மேஜை இல்லை.

கோப்ரா கதையைப் படித்த அன்றைக்கு ராத்திரியே அப்பாவிடம் சொன்னேன், ஸ்டிக்கர் வரைக்கும் ஒன்றுவிடாமல். கம்பெனிக்காரனும் ஒரு தடவை முட்டாள் ஆகியிருக்கான் பாருங்கப்பா என்று. மோர்சாதத்தைப் பிசைந்துகொண்டே முழுசாகக் கேட்டார். கடைசியில் கேட்டார்:

"அந்த வண்டியெல்லாம் வழியில நின்னுச்சா, இல்ல போய்ச் சேந்துச்சா?"

"போய்ச் சேர்ந்துச்சுங்கப்பா. வேகம் மட்டும்தான் கொஞ்சம் கம்மி."

"ம்" என்றார்.